எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்கவெச்சா சேறு மாதிரி வருது: இலை, வேர், பட்டை, பூ எதை எப்படிப் போடணும்?

புதுப்பானை

வணக்கம். ரெண்டு வாரமா சாயங்காலக் காபிய விட்டுட்டு மூலிகைத் தண்ணி வெச்சுக் குடிக்கிறேன். குடிக்கிறேன்னு சொல்றதவிட விழுங்கறேன்னு சொல்றதுதான் சரி.

செய்முறை இதுதான்: துளசி ஒரு கைப்பிடி, பட்டை ஒரு விரல் நீளம், சுக்கு ஒரு துண்டு, சோம்பு ஒரு டீஸ்பூன், செம்பருத்திப் பூ நாலு. எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு, அரை லிட்டர் தண்ணி ஊத்தி, இருபது நிமிஷம் கொதிக்க விடுவேன். கொதிக்கும்போது வீடே மணக்குது. டம்ளர்ல ஊத்தினா மணம் துளிகூட இல்ல. நிறம் சேறு மாதிரி, லேசா கொழகொழன்னு, கடைசி மடக்கு தொண்டையில நின்னு கசக்குது. எங்க தப்பு பண்றேன்?

கசப்பன்

வீடு குடிச்சது போக மிச்சம்தான் உங்களுக்கு.

இலைமறைகாய்

கசப்பன் கிண்டலா சொன்னாலும் விஷயம் அதுதான் தம்பி. மூக்குக்கு எட்டுற வாசனை எல்லாம் தண்ணிய விட்டுக் கிளம்பிட்ட எண்ணெய். துளசி, புதினா, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் எல்லாத்துலயும் வேணுங்கறது சீக்கிரம் ஆவியாகிற எண்ணெய்தான். அதை இருபது நிமிஷம் திறந்துவெச்சுக் கொதிக்கவிட்டா மிஞ்சுறது இலையோட பச்சைக் கசப்பு மட்டும்.

ஒரு சோதனை செஞ்சு பாருங்க. தண்ணி நல்லா கொதிச்சதும் அடுப்பை அணைச்சிடுங்க. துளசிய உள்ளங்கையில வெச்சு ஒருதரம் தட்டிட்டுப் போட்டு, சரியாப் பொருந்துற தட்டால மூடுங்க. ஏழு நிமிஷம் கழிச்சு தட்டை மெதுவா எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க, முத்து முத்தா தண்ணி நிக்கும். முகர்ந்தீங்கன்னா துளசி அங்கதான் இருக்கும். அந்தத் துளிய வெளியில உதறாம டம்ளருக்குள்ளேயே சாய்ச்சிடுங்க. ரெண்டு வாரமா நீங்க விரட்டிவிட்டது அந்த ரெண்டு சொட்டைத்தான்.

பொதுவா சொன்னா இலைக்கும் பூவுக்கும் கொதிநீர் ஊத்தி மூடிவைக்கணும், வேருக்கும் பட்டைக்கும் கொதிக்கவைக்கணும், விதையை நசுக்கணும். ஆரம்பத்துக்கு இது போதும்.

பழஞ்சுவடி

எல்லாவற்றுக்கும் கொதிநீர் ஊற்றி மூடுவதென்றால் கஷாயம் என்ற சொல்லே எதற்கு? முறைப்படி காய்ச்சுவதற்குக் கணக்கு இருக்கிறது. இளகிய சரக்குக்கு நான்கு பங்கு நீர், நடுத்தரத்துக்கு எட்டு, கெட்டியானதற்குப் பதினாறு. எதுவானாலும் சிறு தீயில் நாலில் ஒன்றாக வற்ற வேண்டும். பதினாறு பங்கு ஊற்றி எட்டில் ஒன்றாக வற்றவைக்கும் மரபும் உண்டு. வற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறந்துதான் வைத்தாக வேண்டும். புதுப்பானை அரை லிட்டர் ஊற்றி எதையும் வற்றவைக்கவில்லை, நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறார். இரண்டுங்கெட்டான் ஆனதற்கு அதுவே காரணம்.

இலைமறைகாய்

ஐயா, கணக்குல எனக்கு மறுப்பு கிடையாது. ஆனா அது மருந்துக்கான கணக்கு. பத்து கிராம் சரக்குக்கு 160 மில்லி தண்ணி வெச்சு 40 மில்லியா இறக்குறோம். அந்த 40 மில்லிய மூக்கைப் பிடிச்சுக் குடிச்சுட்டு வேலையப் பார்க்கப் போறோம். தம்பி கேக்குறது சாயங்காலம் உட்கார்ந்து ஒரு டம்ளர் ருசிச்சுக் குடிக்கிற பானம். அதுக்கு ஒரு டம்ளருக்கு ரெண்டு கிராம் காய்ந்த இலை தாராளம், அதாவது ஒண்ணுலிருந்து ரெண்டு டீஸ்பூன். பச்சை இலைன்னா மூணு மடங்கு. ரெண்டு கணக்கையும் கலக்கும்போதுதான் சேறு வருது.

பழஞ்சுவடி

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேரைக் கொதிக்கவைக்காமல் குடிப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆய்வகஎலி

அப்படியானால் என்னையும் நம்பாதீர்கள் ஐயா. நன்னாரி வேரை நான் கொதிக்கவைப்பதே இல்லை.

"வேர் என்றால் கொதி, இலை என்றால் ஊறல்" என்ற விதி முக்கால்வாசி இடத்தில் செல்லும், மீதிக் கால்வாசியில் காலை வாரிவிடும். செடியின் எந்த உறுப்பு என்பதை விட, அதிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது நல்லது. வாசனை வேண்டுமா, கசப்பு துவர்ப்பு நிறம் வேண்டுமா, வழுவழுப்பு வேண்டுமா? வாசனை பறக்கும், ஆகவே மூடணும். துவர்ப்பும் கசப்பும் கெட்டித் திசுவுக்குள் இருந்தால் சூடும் நேரமும் கேட்கும். வழுவழுப்புக்குத் தண்ணீரும் பொறுமையும் போதும், சூடே வேண்டாம்.

நன்னாரியையே பாருங்கள். அந்த மணம், வனிலா மணம் தரும் வனிலினுக்கு அண்ணன் தம்பி மாதிரியான ஒரு வேதிப்பொருள் (ஆல்டிஹைடு), நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். பெரும்பாலும் வேரின் மேல்தோலில்தான் இருக்கிறது. வேரைக் கழுவி, கல்லால் லேசாகத் தட்டினால் பழுப்புத் தோல் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஈர்க்குச்சி போல ஒரு நடுத்தண்டு தெரியும். அதை உருவி எறிந்துவிடுங்கள், அது வெறும் மரம். தோலைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மூடியைத் திறக்கும்போது என்ன சொல்கிறீர்கள் பார்ப்போம்.

வெட்டிவேரும் அப்படித்தான். மண் போக நாலைந்து முறை அலசி, ஆறிய நீரில் போட்டால் போதும். ஒருமுறை கொதிக்கவைத்துப் பார்த்தேன், மழை பெய்த மண்ணைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது.

கசப்பன்

வாசனையா சேறா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

புதுப்பானை

அப்போ என் கலவைய எப்படிப் பிரிக்கணும்? அந்தக் கொழகொழப்பு எதுலேர்ந்து வருது?

ஆய்வகஎலி

கொழகொழப்புக்கு இருவர் மேல் சந்தேகம். முதல் ஆள் செம்பருத்தி. இதழிலேயே கோந்து போன்ற பொருள் இருக்கிறது, நீண்ட நேரம் கொதித்தால் முழுக்க இறங்கிவிடும். இரண்டாவது ஆள் பட்டை, குறிப்பாக நொறுங்கியதோ பொடித்ததோ. பட்டைப் பொடியைச் சுடுநீரில் போட்டுச் சிறிது நேரம் விட்டால் அடியில் ஜவ்வு மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

செம்பருத்திக்கு இரண்டு மூன்று நிமிடமே அதிகம். அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் போடுங்கள். நிறம் தண்ணீருக்கு இறங்க இறங்க இதழ் வெளுத்துப்போகும். வெளுத்ததும் எடுத்துவிடலாம், அதில் வேறு எதுவும் பாக்கியில்லை. நீர் ஊதாவாக இருக்கும். எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்தால் கண்ணெதிரே சிவக்கும். சங்குப்பூவும் இந்த வித்தைக்காரன்தான், நீலத்திலிருந்து ஊதாவுக்குத் தாவும். இரண்டிலும் ஆந்தோசயனின் நிறமி, புளிப்புக்குத் தக்கபடி நிறம் மாற்றிக்கொள்ளும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். புளிப்பாக, ரத்தச் சிவப்பில் கிடைக்கும் "ஹைபிஸ்கஸ் டீ" இந்தச் செம்பருத்தி அல்ல. அது புளிச்சை வகைச் செடி. அதில் பயன்படுவது இதழும் அல்ல, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடிக்கும் சிவப்புப் புல்லிவட்டம். பார்க்கப் பூ மாதிரி இருப்பதால் எல்லோரும் பூ என்றே சொல்கிறார்கள்.

இலைமறைகாய்

எலி சொன்னதோட சேர்த்து வரிசை சொல்றேன், குறிச்சுக்குங்க தம்பி.

பட்டையையும் தட்டின சுக்கையும் பச்சைத் தண்ணியிலேயே போட்டு அரைமணி ஊறவிட்டு, அப்புறம் அடுப்பேத்துங்க. கெட்டிச் சரக்க நேரா கொதிதண்ணியில போடாதீங்க. சிறு தீயில பதினஞ்சு நிமிஷம். அணைக்கும்போது சோம்பைச் சின்ன உரல்ல ரெண்டு இடி இடிச்சுப் போடுங்க. முழுசா போட்டா அது நீச்சல் அடிச்சுட்டு அப்படியே வெளியே வரும், எண்ணெய் இருக்கிற குழாய்கள் தோலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. முன்னாடியே இடிச்சு டப்பாவுல வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஒரு வாரத்துல உமியா போயிடும். அதோடவே துளசியப் போட்டு மூடி ஏழு நிமிஷம். கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கும்போது செம்பருத்தி. வடிகட்டினதும் உடனே குடிங்க.

ஆனா உண்மையச் சொல்லணும்னா அஞ்சையும் ஒண்ணா போடுறதே எனக்குப் பிடிக்கல. சுக்கு இருக்கிற இடத்துல செம்பருத்தி இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?

பழஞ்சுவடி

சுக்கைப் பற்றி ஒன்று. "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்பது பழைய வாக்கு. சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடியுங்கள். கடுக்காய்க்குக் கொட்டையை நீக்க வேண்டும்.

ஆய்வகஎலி

இஞ்சியை விடச் சுக்கு ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இஞ்சியின் ஜிஞ்சரால் உலரும்போதும் சூடாகும்போதும் நீர் இழந்து ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம். அதனால் செய்முறையில் "இஞ்சி அல்லது சுக்கு" என்று போட்டிருந்தால் அதே எடை போடாதீர்கள். ஒரே கிழங்கென்றாலும் பானம் வேறு.

மஞ்சளுக்கு இந்த விளையாட்டு எதுவும் கிடையாது. அதன் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரைவதே அரிது. எவ்வளவு கொதித்தாலும் டம்ளர் அடியில் மஞ்சள் வண்டல் நிற்பது அதனால்தான். மிளகிலுள்ள பைப்பரின் உடலில் அது சேர்வதைப் பலமடங்கு கூட்டுவதாக 1998-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பார்த்தார்கள். கொழுப்புள்ள எதிலாவது கலந்தால் கரைசலும் மேல். வெறும் வெந்நீரில் மஞ்சள் என்பது, என் கருத்தில், நிறம் மாறிய வெந்நீர்.

அரைக்கரண்டி

இவ்வளவு நாள் படிச்சிட்டுப் போறவன், இன்னைக்கு எழுதவேண்டியதாப் போச்சு. மேலே யாரும் அதிமதுரத்தைப் பத்திப் பேசல.

எனக்கு இனிப்பு இல்லாம எதுவும் இறங்காது. சர்க்கரை வேண்டாம்னு அதிமதுர வேரைத் தட்டிப் போட ஆரம்பிச்சேன். வேர்தானேன்னு நல்லாக் கொதிக்கவும் வெச்சேன். ருசின்னா ருசி. தினம் ரெண்டு பெரிய டம்ளர், ஒரு மாசம். அப்புறம் கால் வீங்கற மாதிரி, தலை கனக்கிற மாதிரி இருந்துச்சு. பிபி பார்த்தா 160-க்கு மேல. எனக்கு அதுவரைக்கும் பிபியே கிடையாது. டாக்டர் உப்பு, ஊறுகாய், தூக்கம்னு எல்லாம் கேட்டார், நானும் எல்லாத்துக்கும் இல்லைன்னேன். கடைசியில "வேற ஏதாவது குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டப்பதான் இதைச் சொன்னேன். ரத்தத்துல பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், குறைஞ்சிருந்துச்சு. நிறுத்திட்டுக் காத்திருந்தேன், சில வாரத்துல பழைய நிலைக்கு வந்துச்சு.

மூலிகைதானேன்னு சொல்லாம விட்டது என் தப்பு.

ஆய்வகஎலி

எழுதியதற்கு நன்றி அரைக்கரண்டி. காரணம் அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின். சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியை அது தடுத்துவிடுகிறது. கார்ட்டிசோல் அங்கே உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைப் போல வேலைசெய்ய ஆரம்பிக்கும், சோடியம் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். ஐரோப்பாவில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிபி மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பது நல்லது.

பட்டைக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. தடிமனாக, ஒரே அடுக்காக, இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, கையால் ஒடிக்க முடியாமல் இருப்பது காசியா. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கு அடுக்காக, விரலில் நசுக்கினால் பொடிவது சிலோன் பட்டை. காசியாவில் கூமரின் என்ற வாசனைப் பொருள் அதிகம். அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். தினசரி ஏற்கத்தக்கதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். காசியாப் பொடி ஒரு டீஸ்பூனிலேயே அதைத் தாண்டிவிடக்கூடும். எப்போதாவது என்றால் கவலை இல்லை. தினமும் என்றால் சிலோன் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

புதுப்பானை

இப்பதான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒடிக்க முடியல. சுத்தியல் எடுக்கணும் போல.

வேலியோரம்

நான் காய்ச்சுவதில் நிபுணன் இல்லை, செடியை அடையாளம் காண்பதில் கொஞ்சம் பழக்கம். ஒரே செடியிலேயே ஒரு உறுப்பு உதவும், இன்னொன்று கொல்லும். குன்றிமணிக் கொடியின் இலையை மென்றால் இனிக்கும். அதே கொடியின் சிவப்பும் கறுப்புமான விதையில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, ஓட்டை உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. "இலை நல்லதாம், விதையும் போட்டுப் பார்க்கலாம்" என்ற யோசனை யாருக்கும் வரக்கூடாது. அரளிக்கு இந்தக் கேள்வியே இல்லை, வேர் முதல் பூ வரை விஷம். காய்ச்சினாலும் போகாது.

பூக்கும் முன் இலையை மட்டும் வைத்து அடையாளம் சொல்வது அதைவிட மோசம். இதயத்தைத் தாக்கும் டிஜிடாலிஸ் செடியின் இலையை, மூலிகையாகப் பயன்படும் காம்ஃப்ரே என்று நினைத்துத் தேநீர் போட்டு இதயத் துடிப்பு குலைந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பார்க்கப் போனால் அந்தக் காம்ஃப்ரேயும் நல்லபிள்ளை இல்லை. கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு இருப்பதால் உட்கொள்ளும் காம்ஃப்ரே பொருட்களை விற்பனையிலிருந்து விலக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-லேயே தயாரிப்பாளர்களிடம் சொல்லிவிட்டது.

பூ பறிப்பவர்களுக்கு: அலங்காரத்துக்கென்று வளர்க்கும் ரோஜாவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அது குடிப்பதற்கு அல்ல. சாலையோரச் செடியும் வேண்டாம்.

புதுப்பானை

அண்ணா, வீட்டுக்குப் பின்னாடி கீழாநெல்லி தானா முளைச்சிருக்கு. முழுச் செடியையும் போடலாம்னு கேள்விப்பட்டேன். பிடுங்கிடவா?

வேலியோரம்

பிடுங்கும் முன் ஒரு கிளையைப் புரட்டிப் பார்த்தீர்களா? மேலிருந்து பார்த்தால் புளியிலை மாதிரி இருக்கிற பல செடிகளை எல்லோரும் கீழாநெல்லி என்றே சொல்கிறார்கள். புரட்டினால் சிறுகிளையின் அடியில், ஒவ்வொரு இலை கிளம்பும் இடத்திலும், கடுகளவு பச்சைக் காய் வரிசையாகத் தொங்கணும். பெயரே அதுதான், கீழே நெல்லி. தண்டு செம்மையாக, காய் சொரசொரப்பாக இருந்தால் அதே குடும்பத்து வேறு செடி.

பழஞ்சுவடி

முழுச் செடிக்குச் சமூலம் என்று பெயர். வேரோடு எடுப்பதால் மண்ணை மூன்று நீரில் அலச வேண்டும். அதோடு, நோய்க்காக என்றால் இங்கே கேட்டுக் குடிக்காமல் மருத்துவரைப் பார்த்துவிடு தம்பி. மஞ்சள் காமாலையை யாரும் இணையத்தில் ஆற்றவில்லை.

இலைமறைகாய்

ஐயா சொல்றதுக்கு என் வழிமொழிதல்.

பாத்திரத்தையும் சேர்த்துச் சொல்லிடறேன். துவர்ப்புச் சரக்க இரும்புப் பாத்திரத்துல காய்ச்சினா மை மாதிரி கறுத்துடும். ஈயம் பூசாத செம்பு, பித்தளையில புளிப்பு எதுவும் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, மண் நல்லது. ராத்திரி ஊறவைக்கிற பானத்துக்குக் கொதிச்சு ஆறின தண்ணியே எடுங்க, பச்சைத் தண்ணியில இருக்கிற கிருமிய வெட்டிவேர் ஒண்ணும் பண்ணாது. மிச்சம் ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், அதுக்கு மேல செடிக்கு ஊத்திடுங்க. ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேன் கலந்து எதுவும் கொடுக்கக் கூடாது.

காயவைக்கிறது நிழல்லதான். இலைய கையில எடுத்தா நொறுங்கணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு, டப்பாவுல பூசணம் பிடிக்கும். முழு இலையா வெச்சு, போடும்போது நொறுக்குங்க.

கசப்பன்

சீமைச்சாமந்திய இருபது நிமிஷம் மறந்து ஊறவெச்சதால எனக்கு இந்தப் பேரு வந்துச்சுன்னு யாரும் கேக்கவே இல்லையே.

அரைக்கரண்டி

அஞ்சு நிமிஷத்துல எடுத்திருந்தா "இனியன்"னு வந்திருக்கும்.

புதுப்பானை

ஒரு வாரம் கழிச்சு வர்றேன்.

கலவையை ரெண்டாப் பிரிச்சுட்டேன். காலையில சுக்கும் சோம்பும், சாயங்காலம் துளசி மட்டும். தட்டுக்கு அடியில நிக்கிற துளிய முதல்நாள் பழக்கதோஷத்துல சிங்க்ல உதறிட்டேன், சிங்க் மணந்துச்சு. மறுநாள்லேர்ந்து டம்ளருக்குத்தான். வீடு இப்ப மணக்கறதே இல்ல. நிறம் லேசான பச்சை, கசப்பு இல்ல. செம்பருத்திய தனியா வெச்சு எலுமிச்சை பிழிஞ்சு காட்டினதுல அக்கா பொண்ணு நாலு தடவை திரும்பச் செய்யச் சொல்லிடுச்சு. நாலு டம்ளரும் நான்தான் குடிச்சேன்.

நன்னாரி ராத்திரி ஊறினது நல்லா இருந்துச்சு. ஆனா நடுத்தண்டை உருவுறதுக்குள்ள அரைமணி நேரம் ஆகுது. சுலப வழி இருக்கா?

ஆய்வகஎலி

காய்ந்த வேரை கால்மணி நேரம் நீரில் போட்டுவிட்டுத் தட்டுங்கள், தோல் சட்டை மாதிரி கழன்றுவரும். அந்த நீரையும் கொட்டாதீர்கள், ஊறலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சுவடி

நானும் கொதிக்காமல் ஊறவைத்துப் பார்த்தேன். மணம் இருக்கிறது. கஷாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

புதுப்பானை

சரிங்க ஐயா, ஊறல்தான். வேலியோரம் அண்ணா, அந்தச் செடிய எல்லாக் கிளையும் புரட்டிப் பார்த்துட்டேன். கீழே ஒரு காயும் இல்ல. கிள்ளினா பால் மாதிரி வெள்ளையா வருது.

வேலியோரம்

கீழாநெல்லிக்குப் பால் வராது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். பூக்கட்டும், பூவோடும் தண்டோடும் படம் போடுங்கள், என்னவென்று பார்ப்போம்.